ஏட்டுச் சுரைக்காயாகும் மொழியுரிமை

கேரள சட்டமன்றம் 2025ஆம் ஆண்டில் மலையாள மொழி மசோதாவை நிறைவேற்றியதைத் தொடர்ந்து எல்லைக்கு அப்பாலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. காசர்கோட்டுக் கன்னடர்களின் உரிமை பறிபோகும் என்று கர்நாடக முதல்வர் சித்தராமையா கண்டித்தார். தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புப் பிரிவு மசோதாவிலேயே உள்ளது என்று கேரளத் தரப்பு விடையளித்தது. விடை சரியானதே. ஆயினும் இந்த வாதப் பிரதிவாதத்தில், உழைக்கும் மக்களின் பக்கத்திலிருந்து கேட்கப்பட வேண்டிய கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. தேவிகுளத்தில் ஒரு தேயிலைத் தொழிலாளி தமிழில் விண்ணப்பம் எழுதி அலுவலகத்தில் நீட்டினால் அதைப் படிப்பவர் யார்? எந்தக் கலைச்சொல்லைக் கொண்டு அவருக்குத் தமிழில் விடை எழுதப்படும்? அந்த விடை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவர் யார்?

உரிமையைச் சட்டத்தில் எழுதுவது அரசியல் போராட்டத்தின் வெற்றி. அந்த உரிமை அலுவலகக் கவுண்டர் வரை வந்து சேர்வது வேறொரு வேலை. அந்த வேலைக்கு ஓர் அறிவுத்துறை இருக்கிறது. அதன் பெயர் பயன்பாட்டு மொழியியல். மொழியை ஏட்டில் ஆராய்வதோடு நில்லாமல் பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை, அலுவலகம் ஆகிய இடங்களில் மொழி சந்திக்கும் சிக்கல்களைத் தீர்க்க முனையும் துறை அது. பன்மொழிக் கொள்கை என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தத் துறையைக் கையில் எடுக்காவிட்டால், அவர்களுடைய கொள்கை ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும், கறிக்கு உதவாது.

சட்டம் எதைச் சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது

இந்திய அரசமைப்பின் 350ஆவது பிரிவு, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குடிமக்கள் தம் குறையை அரசிடம் முறையிடலாம் என்கிறது. எந்த மொழியில் விடை தரவேண்டும் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் 350ஏ, 350பி ஆகிய பிரிவுகளைச் சேர்த்தது. முன்னது சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்வி வசதி வேண்டும் என்கிறது. பின்னது சிறுபான்மை மொழியினருக்கான தனி அலுவலரை நியமிக்கச் சொல்கிறது.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தமும் இதைவிட ஒரு படி மேலே சென்றன. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம். விடையும் அந்தந்த மொழியிலேயே தரப்பட வேண்டும். இந்தியாவின் வேறு பல மாநிலங்கள் எட்டிப் பார்க்காத உயரம் இது. இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

ஆனால் இந்தச் சட்டத்தைத் தொழிலாளியின் கண்கொண்டு படித்துப் பாருங்கள். அறிவிக்கப்படாத பகுதியில் வாழும் ஒரு தமிழ்ச் சுமைத் தொழிலாளி தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுதலாம். தன் தெருமுனையிலுள்ள வில்லேஜ் ஆபீசுக்கு எழுத முடியாது. அமைச்சரை அணுகத் தமிழ் போதும்; வருமானச் சான்றிதழ் வாங்கப் போதாது! 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் மட்டுமே அவர்கள் வாழவில்லை. வேலை தேடி இடம்பெயரும் உழைப்பாளியை வட்ட எல்லைக்குள் கட்டிப்போட முடியாது. மக்கள் எங்கே இருக்கிறார்கள், எந்த மொழியை எந்தத் தேவைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அவ்வப்போது அளந்து பார்த்து எல்லையைத் திருத்துவதற்குப் பெயர்தான் மொழி அளவை. பயன்பாட்டு மொழியியலின் முதல் பாடம் அது.

எண்ணிக்கையும் அரசியலே

மொழியை எண்ணுவது வெறும் கணக்கு வேலை என்று நினைப்பவர்கள் ஒன்றிய அரசின் கணக்கைப் பார்க்கட்டும். 2011 கணக்கெடுப்பில் இந்தி பேசுவோர் 52 கோடியே 80 லட்சம் என்று காட்டப்பட்டது. தம் தாய்மொழி இந்தி என்று சொன்னவர்கள் 32 கோடி அளவினரே. போஜ்புரி பேசும் ஐந்து கோடிப் பேரும், ராஜஸ்தானி, சத்தீஸ்கரி முதலான பல மொழிகளைப் பேசுவோரும் இந்தி என்னும் ஒரே குடையின்கீழ் நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பெருந்தொகையே பிறகு ஆட்சிமொழி வாதத்துக்குச் சான்றாகிறது. அமித் ஷா தலைமையிலான நாடாளுமன்ற ஆட்சிமொழிக் குழு 2022ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை இந்தியை இன்னும் ஆழமாகத் திணிக்கப் பரிந்துரைத்தது. தேசியக் கல்விக் கொள்கையின் மும்மொழித் திட்டத்துக்கும் பிஎம் ஸ்ரீ திட்டத்துக்கும் இணங்காத தமிழ்நாட்டுக்கு 2,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆளும் வர்க்கத்துக்கு மொழியியல் தெரியும்; தனக்கு வேண்டியபடி அதைப் பயன்படுத்தவும் தெரியும். எதை மொழி என்பது, எதைக் கிளைமொழி என்பது, யாரை யாரோடு கூட்டுவது என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. இதை எதிர்த்து நிற்கும் நாம், ‘மொழியியல் பண்டிதர்களின் சமாச்சாரம்’ என்று ஒதுங்கி நிற்பது எந்த வகையில் பொருந்தும்?

மலையாளத்துக்குச் செய்தது

மக்கள் மொழியில் ஆட்சி நடத்துவது எத்தகைய உழைப்பைக் கோரும் என்பதைக் கேரளத்துக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டு பொறுப்பேற்ற இ.எம்.எஸ். அரசு, மலையாளத்தை ஆட்சிமொழியாக்கும் வழிகளை ஆராயக் கோமாட்டில் அச்சுத மேனோன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1968இல் கேரள பாஷா இன்ஸ்டிட்யூட் தொடங்கப்பட்டது, என்.வி. கிருஷ்ண வாரியர் அதன் முதல் இயக்குநர். பல்கலைக்கழகப் பாடநூல்களும் கலைச்சொற்களும் அங்கே உருவாயின. அச்சுக்கும் தட்டச்சுக்கும் ஒத்துவராமல் நூற்றுக்கணக்கில் பெருகியிருந்த எழுத்து வடிவங்கள், சூரநாடு குஞ்ஞன் பிள்ளை குழுவின் முயற்சிக்குப் பின் 1971இல் தொண்ணூறு அளவுக்குக் குறைக்கப்பட்டன. அந்தச் சீர்திருத்தத்தின் நிறைகுறைகள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. 2022இல் எழுத்து வடிவம் மீண்டும் திருத்தப்பட்டது. அது இயல்பே. ஆட்சிமொழி என்று அறிவித்துவிட்டு அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. குழு, நிறுவனம், சொல், எழுத்து, நூல் என்று ஒவ்வொன்றாகக் கட்டியது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இவ்வளவும் செய்தபிறகும் மலையாளத்துக்கே போராட்டம் ஓயவில்லை. அரசுப் பணித் தேர்வுகளின் வினாத்தாள் மலையாளத்திலும் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு திருவனந்தபுரம் பட்டத்திலுள்ள பிஎஸ்சி அலுவலகத்தின் முன் உண்ணாநிலைப் போராட்டம் நடந்தது. பெரும்பான்மையினரின் மொழிக்கே இந்த நிலை என்றால், ஒரு சட்டப் பிரிவை மட்டும் கையில் வைத்திருக்கும் தமிழின் நிலையைத் தனியே விளக்க வேண்டுமா? மலையாளத்துக்காக 1957 முதல் செய்யப்பட்ட கருவிப் பணிகள் அனைத்தும், அளவில் சிறியதாக இருந்தாலும் தன்மையில் குறையாமல், தமிழுக்கும் கன்னடத்துக்கும் செய்யப்பட வேண்டும். நம் கோரிக்கையின் சாரம் இதுதான். மலையாளத்திடமிருந்து ஒரு துளியையும் நாம் பறிக்கவில்லை.

இதற்கான அறிவு வளத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. திராவிட மொழியியலின் தலைநகரங்களில் ஒன்று திருவனந்தபுரம். நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் 1963இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையை உருவாக்கினார். திராவிட மொழியியல் கழகமும், 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளியும் அவர் முயற்சியால் இந்நகரில் எழுந்தன. தமிழரான அவருடைய வழிகாட்டலில்தான் மலையாள வட்டார வழக்குகள் ஊர் ஊராக ஆராயப்பட்டன. பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானதும் அவரே. ஒரு தமிழறிஞர் மலையாள வழக்குகளை அளந்து கொடுத்த நகரத்தில், தமிழ் மனுவுக்கு விடை எழுத ஆளில்லை என்று எந்த அதிகாரியாவது சொன்னால், அதை ஏற்றுக்கொள்ள நாம் அப்பாவிகள் அல்லர்.

‘மலையாளம்தான் புரியுமே’ என்னும் வாதம்

அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் வாதம் ஒன்று உண்டு. தமிழும் மலையாளமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இங்கே வாழும் தமிழருக்கு மலையாளம் புரியும். ஆகவே தனி ஏற்பாடு எதற்கு என்பார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்து பார்த்தவர்களுக்கே இதிலுள்ள ஆபத்து தெரியும். தொலைவிலுள்ள மொழி தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றாவது உணர்கிறோம். நெருங்கிய மொழி, புரிந்துவிட்டதாக நம்மை நம்பவைத்து ஏமாற்றும்.

நீதிமன்றத்துக்குப் போவோம். மலையாளத்தில் ‘பிரதி’ என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்; தமிழில் நகல். மலையாளத்தில் ‘விதி’ தீர்ப்பு. தமிழில் சட்டத்தின் உட்பிரிவு, அல்லது தலையெழுத்து. நமக்கு ‘வழக்கு’ நீதிமன்றத்தில் நடப்பது. மலையாளிக்கு அது தெருச்சண்டை. அங்கே ‘அவகாசம்’ உரிமை; நமக்கு அது கால நீட்டிப்பு. உரிமை கேட்டு நிற்பவருக்கு அவகாசம் தருவதாகப் புரிந்துகொள்ளப்பட்டால் என்ன ஆகும்? விடுமுறையைக் குறிக்கும் ‘அவதி’ தமிழ்த் தொழிலாளியின் காதில் துன்பமாகவே விழுகிறது.

நிலத்துக்கு வருவோம். இங்கேதான் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது. கேரள வருவாய்த் துறையில் ‘ஆதாரம்’ என்பது கிரயப் பத்திரம்; தமிழருக்கு அது சான்று, இப்போதோ அடையாள அட்டையையும் நினைவூட்டும் சொல். ‘கரம்’ நிலவரி, தமிழில் கை. ‘பட்டயம்’ அரசு தரும் நில உரிமை ஆவணம். தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்த பிள்ளைக்கு அது தொழில்நுட்பப் படிப்பின் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் மேலாக ‘போக்குவரவு’. நில உரிமை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றப்படுவதைக் கேரளத்தில் இப்படிச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அது பட்டா மாறுதல். மொழியறியாத எழுத்தரோ, மொழியே அறியாத இயந்திரமோ அதைப் ‘போக்குவரத்து’ என்று எழுதிவிட்டால், தலைமுறையாக லயத்தில் வாழ்ந்து ஒரு துண்டு நிலத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் விண்ணப்பம் எந்த மேசைக்குப் போய்ச் சேரும்?

இந்தச் சொற்களுக்குத் தமிழ்நாட்டு ஆட்சிச்சொல் அகராதியை அப்படியே இறக்குமதி செய்தாலும் சிக்கல் தீராது. இரு மாநிலங்களின் நிலச்சட்டமும் நிர்வாக அமைப்பும் வேறு வேறு. தமிழ்நாட்டின் கிராம நிர்வாக அலுவலரும் கேரளத்தின் வில்லேஜ் ஆபீசரும் அதிகாரத்தில் ஒருவரல்லர். கேரளத் தமிழரின் நாவில் ஏற்கெனவே வழங்கும் சொல் எது, தமிழ்நாட்டு வழக்கிலிருந்து எடுக்கத்தக்கது எது, மலையாளச் சொல்லையே விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியது எது என்று ஒவ்வொரு சொல்லாக ஆய்ந்து முடிவெடுக்க வேண்டும். தனித்தமிழ் ஆர்வமோ அதிகாரியின் அலட்சியமோ இதைச் செய்துவிட முடியாது. களத்தில் சொல் திரட்டி, பயன்படுத்துவோரிடம் சோதித்து, பின்னர் நிலைப்படுத்தும் முறை மொழியியலாளருக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பில் தவறினால் யார் தண்டனை பெறுகிறார்கள்

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்போரின் கவலை என்று நினைப்பவர்களுக்கு 2018ஆம் ஆண்டு நீட் தேர்வை நினைவூட்ட வேண்டும். தமிழில் அத்தேர்வை எழுதியவர்கள் 24,000க்கும் மேற்பட்டோர். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்ததாக இடதுசாரி மாநிலங்களவை உறுப்பினர் டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். வினாவுக்கு நான்கு மதிப்பெண் வீதம் 196 கருணை மதிப்பெண்கள் வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்து, நவம்பரில் தீர்ப்பையே ரத்துச் செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வு நடத்தியவர்களின் வாதம்.

இந்த வாதத்தின் பொருள் என்ன? தமிழில் எழுதலாம், ஆனால் தமிழை நம்பாதே என்பதுதான். பன்மொழித் தேர்வு என்ற பெயரில் ஆங்கிலம் அறிந்த பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பும் அறியாத பிள்ளைக்குப் பாதி வாய்ப்பும் தரப்பட்டன. தவறு செய்தது அமைப்பு. மதிப்பெண் இழந்தது அரசுப் பள்ளியில் படித்த ஏழை வீட்டுப் பிள்ளை.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில் வினாக்கள் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களால் தனித்தனியே பெயர்க்கப்பட்டு, மூன்றாமவரால் ஒப்புநோக்கி இணைக்கப்படுகின்றன. முன்னோட்டத் தேர்வில் சோதிக்கப்படுகின்றன. மொழி மாறினால் வினாவின் கடினமும் மாறிவிடுகிறதா என்று புள்ளியியல் முறையில் பார்க்கப்படுகிறது. பல மொழிகளில் வினாத்தாள் வெளியிடும் எந்தத் தேர்வாணையமும் இவற்றைச் செய்யலாம். கேரள பிஎஸ்சியும் விலக்கல்ல. ‘தமிழும் மலையாளமும் அறிந்தவர்’ என்ற தகுதியோடு எழுத்தர் பணியிடங்கள் இங்கே அறிவிக்கப்படுகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் ‘அறிந்தவர்’ என்றால் என்ன? கடையில் பேசத் தெரிந்தவரா, மனுவைப் படிக்கத் தெரிந்தவரா, தமிழில் ஓர் ஆணையைப் பிழையின்றி வரையத் தெரிந்தவரா? மூன்றும் வெவ்வேறு திறன்கள். எந்தப் பணிக்கு எந்தத் திறன் வேண்டும் என்று பிரித்து அளக்கும் தேர்வை வடிவமைப்பதும் பயன்பாட்டு மொழியியலின் வேலையே.

இயந்திரம் பார்த்துக்கொள்ளுமா?

இப்போது புதிதாக ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. ஒன்றிய அரசு 2022இல் பாஷிணி என்னும் மொழிபெயர்ப்புத் தளத்தைத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி மொழிபெயர்ப்பாளர் எதற்கு, மொழிக்கொள்கை எதற்கு என்று கேட்கிறார்கள். இயந்திரத்தை எதிர்ப்பது நம் மரபல்ல. அது யார் கையில், யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே நாம் எப்போதும் கேட்கும் கேள்வி.

தமிழ்-மலையாள நிர்வாக மொழியில் திருத்தமான இணைப்பிரதிகள் குறைவாக இருக்கும்வரை இயந்திரத்துக்குக் கற்க எதுவும் இல்லை. ‘போக்குவரவு’க்குச் சரியான தமிழ் எது என்று மனிதர்கள் முடிவு செய்து, ஆயிரக்கணக்கான ஆவணங்களில் எழுதிவைத்தால்தான் இயந்திரம் அதைச் சொல்லும். பிழை நேர்ந்தால் பொறுப்பேற்க இயந்திரத்துக்குக் கையெழுத்தும் இல்லை. மாவட்ட நீதிமன்றங்களில் செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு குறித்துக் கேரள உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கை, இயந்திர மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ளவர்கள் சரிபார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியது. நீதிமன்றத்துக்குப் பொருந்தும் இந்த நெறி வருவாய் அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் ஏன் பொருந்தாது?

பாதை இருக்கிறது

கேரளத்திலேயே நல்ல முன்னுதாரணங்கள் உள்ளன. 2017ஆம் ஆண்டு எர்ணாகுளம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ரோஷ்ணி திட்டம், புலம்பெயர் தொழிலாளரின் பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியைப் பள்ளிக்குள் அனுமதித்தது. அம்மொழி அறிந்த தன்னார்வலர்கள் ஒரே பாடவேளையில் இரு மொழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, பிள்ளைகளைப் படிப்படியாக மலையாளத்துக்கு அழைத்து வந்தனர். மொழி கலப்பது குற்றமல்ல, கற்பதற்கான படிக்கட்டு என்னும் மொழியியல் உண்மை அங்கே வகுப்பறை முறையாயிற்று. அதே ஆண்டில் வயநாட்டில் கோத்ரபந்து திட்டத்தின்கீழ்ப் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பள்ளிகளில் அமர்த்தப்பட்டனர். மாநில எழுத்தறிவு இயக்கம் சங்ஙாதி திட்டத்தில் ‘ஹமாரி மலையாளம்’ என்ற நூலைக் கொண்டு வடமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் கற்பித்தது. அரசியல் விருப்பமும் மொழியறிவும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவை சான்று.

கைகோக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தால் எரியூட்டப்பட்ட இலங்கையில், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 1991இல் ஆட்சிமொழிகள் ஆணைக்குழு வந்தது. 2007 ஜூலைக்குப் பின் அரசுப் பணியில் சேர்வோர் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்ற சுற்றறிக்கையும் வந்தது. ஆயினும் பொது இடங்களின் தமிழ்ப் பலகைகளில் பிழைகள் மலிந்தன. பேருந்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கான இருக்கை ‘நாய்மாருக்கான’ இருக்கையாக எழுதப்பட்ட அவலம்கூடச் செய்தியாயிற்று. ஓர் எழுத்துப் பிழைதான். அந்த மக்கள் அதில் படித்ததோ தம்மைப் பற்றிய அரசின் மதிப்பீட்டை.

நம் இயக்கத்தின் வரலாறும் பாடம் சொல்கிறது. கட்டாய ஆட்சிமொழி தேவையா என்ற கேள்வியை எழுப்பி லெனின் 1914இல் எழுதிய கட்டுரை, எந்த மொழிக்கும் சிறப்புரிமை கூடாது என்ற நிலையை வலுவாக நிறுவியது. அக்டோபர் புரட்சிக்குப் பிறகு சோவியத் மொழியியலாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு எழுத்து வகுத்து, பாடநூல் எழுதினார்கள். யாக்கோவ்லெவ், போலிவானோவ் போன்றோரின் அந்த உழைப்பு, பயன்பாட்டு மொழியியலின் மாபெரும் அத்தியாயங்களில் ஒன்று. 1938இல் ரஷ்ய மொழி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமானதையும், போலிவானோவ் அதே ஆண்டில் கொல்லப்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. கொள்கை தடம் புரண்டால் கருவிகளும் அவற்றைச் செய்தவர்களும் அழிவார்கள் என்பதும் நாம் கற்க வேண்டிய பாடமே. கிராம்சி டூரின் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றவர் என்பதையும், சிறையில் இலக்கணத்தைப் பற்றி எழுதினார் என்பதையும் தோழர்கள் நினைவில் கொள்ளட்டும்.

வர்க்கப் பிரச்சினையா, மொழிப் பிரச்சினையா?

‘கூலி, நிலம், வீடு ஆகியவையே அடிப்படை, மொழி பிறகு’ என்று கருதும் தோழர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கலாம். கூலி ஒப்பந்தம் எந்த மொழியில் எழுதப்படுகிறது? நிலத்துக்கான விண்ணப்பம்? வீட்டுத் திட்டத்தின் படிவம்? வசதியுள்ள தமிழர் வழக்கறிஞரையும் ஆவண எழுத்தரையும் அமர்த்திக்கொள்வார். தோட்டத் தொழிலாளி இடைத்தரகருக்குக் கூலியில் ஒரு பங்கைக் கொடுப்பார். மொழி அறியாதவர்மீது விதிக்கப்படும் மறைமுக வரி அது. எல்லா மறைமுக வரிகளையும் போல ஏழையையே அதிகம் உறிஞ்சுகிறது.

2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர்கள் மண்ணுக்குள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அந்தப் பேரழிவுக்கு மொழி காரணமல்ல. ஆனால் அத்தகைய மலைச்சரிவுகளில் நாளை ஒலிக்கப்போகும் ஒவ்வோர் எச்சரிக்கையும், லயத்தில் வாழும் பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே கேட்பில் புரியும் தமிழில் இருக்க வேண்டும். எந்தச் சொல், எத்தனை சொல், யார் குரல் என்று முன்கூட்டியே சோதித்து வைத்திருக்க வேண்டும். மழை கொட்டும் இரவில் அகராதி புரட்ட நேரம் இருக்காது.

நாம் கேட்பது

ஆட்சியில் எவர் இருந்தாலும் நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: மாநிலம் முழுவதும் மொழி அளவை நடத்தி, மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் எல்லையைத் திருத்த வேண்டும். இடமலைக்குடியின் முதுவர், அட்டப்பாடியின் இருளர் பேசும் மொழிகளைத் தமிழ் என்றோ மலையாளம் என்றோ விழுங்கிவிடாமல் தனித்தனியே பதிய வேண்டும். நமக்குக் கேட்கும் நீதியை அவர்களுக்கு மறுக்க நமக்கு உரிமை இல்லை.

இரண்டு: வருவாய், தொழிலாளர் நலம், சுகாதாரம், நீதி ஆகிய துறைகளுக்கு மலையாளம்-தமிழ்-கன்னடச் சொற்கோவை தொகுக்கப்பட வேண்டும். மொழியியலாளர், துறை அலுவலர், தொழிற்சங்கப் பிரதிநிதி மூவரும் அக்குழுவில் இருக்க வேண்டும்.

மூன்று: ‘தமிழ் அறிந்த’ பணியிடங்களுக்குப் பணிக்கேற்ற மொழித்திறன் தேர்வும், ஏற்கெனவே பணியில் இருப்போருக்குப் பயிற்சியும் ஊக்கத்தொகையும் வேண்டும்.

நான்கு: நிரந்தர மொழிபெயர்ப்பாளர் பணியமைப்பு வேண்டும். இயந்திரம் வரைவு தரலாம். பொறுப்புள்ள மனிதர் கையொப்பமிட வேண்டும்.

ஐந்து: தமிழில் எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனைக்குத் தமிழில் விடை தரப்பட்டது, எத்தனை நாளில் தரப்பட்டது என்ற கணக்கு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அளக்கப்படாத உரிமை மறுக்கப்படுவது வெளியே தெரியாது.

அரசிடம் கேட்டுவிட்டு நாம் காத்திருக்கவும் வேண்டாம். எல்லைப்புறக் கிளைகளிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் நாள்தோறும் மனு எழுதித் தரும் தோழர்கள் இருக்கிறார்கள். எந்தச் சொல் எங்கே தடுக்குகிறது என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவோம். தமிழில் மனு கொடுப்போம். மலையாளத்தில் விடை வந்தால், சட்டப் பிரிவைச் சுட்டித் தமிழில் விடை கேட்டு மறுபடியும் எழுதுவோம். ஒவ்வொரு கூலி ஒப்பந்தத்துக்கும் தமிழ் வடிவம் கேட்டு வாங்குவோம். பல்கலைக்கழகத்தின் மொழியியல் மாணவர்களைத் தோட்டத்துக்கும் சந்தைக்கும் அழைத்து வருவோம்.

பாதுகாப்புப் பிரிவு சட்டத்தில் இருக்கிறது. அதை மேடைகளில் சுட்டிக்காட்டி எதிரியின் வாயை அடைக்கலாம், தவறில்லை. ஆனால் தேவிகுளத்துத் தொழிலாளியின் கைக்கு அவர் படிக்கத்தக்க ஒரு விடைக்கடிதம் போய்ச் சேரும் நாளில்தான் அந்தப் பிரிவு நிறைவேறியதாகப் பொருள். அதுவரை நம் வேலை முடியவில்லை.